சுவர் எவ்வளவு சூட்டை உள்ளே விடும்? கட்டுமானப் பொருள்களின் வெப்பக் கடத்துத்திறன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கும் கூடம் ஒன்றில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மேற்குப் பார்த்த அறை ராத்திரி பத்து மணிக்கும் அனலாக இருக்கிறதே, கூரைக்கு அடியில் எந்தப் பலகை போடலாம், கடைக்காரர் நீட்டும் தாளில் உள்ள எண்ணை நம்பலாமா என்று உறவினர்களும் நண்பர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் வேறு விதமாகக் கேட்கிறார்கள். இரு தரப்புக்கும் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

வெப்பக் கடத்துத்திறன் என்றால் என்ன?

ஒரு சதுர மீட்டர் பரப்பும் ஒரு மீட்டர் தடிமனும் உள்ள பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு முகம் மற்றதைவிட ஒரு டிகிரி சூடாக இருந்தால், நொடிக்கு எத்தனை ஜூல் வெப்பம் அதன் ஊடே போகிறது என்பதுதான் அந்த எண். பிரெஞ்சுக் கணிதர் ஃபூரியே 1822இல் வெளியிட்ட விதி இது. அலகு வாட்/மீட்டர்·கெல்வின். ஆய்வுக்கூடத்தில் 'கே மதிப்பு' என்போம். ஐரோப்பியத் தாள்களில் 'லாம்டா' என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான்.

இங்குள்ள கட்டட, கட்டுமான ஆணையத்தின் விதித்தொகுப்பில் கணக்குப் போடுவதற்கான அட்டவணை ஒன்று உண்டு. அதில் அலுமினியம் 211, சாதாரணக் கான்கிரீட் 1.442, கண்ணாடி 1.053, ஜிப்சம் பலகை 0.17, தெர்மகோல் 0.035. அசையாமல் நிற்கும் காற்றுக்கு ஏறக்குறைய 0.026. அலுமினியத்துக்கும் தெர்மகோலுக்கும் ஆறாயிரம் மடங்கு வித்தியாசம். கட்டடத்தில் நாம் பயன்படுத்தும் வேறு எந்தப் பண்பும் இவ்வளவு அகலமாக விரிவதை நான் பார்த்ததில்லை.

யூ மதிப்பு, ஆர் மதிப்பு என்கிறார்களே, அவை?

கே என்பது பொருளின் குணம். ஆர் என்பது அந்தப் பொருளின் ஒரு குறிப்பிட்ட துண்டு வெப்பத்தைத் தடுக்கும் அளவு: தடிமனை மீட்டரில் எழுதி கே-யால் வகுத்தால் வரும். சுவரின் எல்லா அடுக்குகளின் ஆர்-ஐயும், உள்ளும் புறமும் ஒட்டி நிற்கும் காற்றுப் படலங்களின் ஆர்-ஐயும் கூட்டி, அந்தத் தொகையால் ஒன்றை வகுத்தால் யூ. ஒரு டிகிரி வேறுபாட்டில் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரும் எத்தனை வாட் உள்ளே விடுகிறது என்பதுதான் அது.

கணக்காகவே பார்த்துவிடலாம். 100 மில்லிமீட்டர் கான்கிரீட், இரு பக்கமும் 15 மில்லிமீட்டர் சிமென்ட் பூச்சு. கான்கிரீட்டின் தடை 0.1 ÷ 1.442, அதாவது 0.069. பூச்சுகள் இரண்டும் சேர்ந்து 0.056. காற்றுப் படலங்கள் வெளியே 0.044, உள்ளே 0.12. மொத்தம் 0.29. யூ சுமார் 3.45. இந்தச் சுவரில் கான்கிரீட்டைவிடக் காற்றுப் படலங்கள்தான் அதிகம் தடுக்கின்றன! இதே சுவரில் 25 மில்லிமீட்டர் தெர்மகோல் சேர்த்தால் தடை 1.0 ஆகிவிடும், யூவும் 1.0க்கு இறங்கிவிடும். இரண்டு விரல் அகலம்கூட இல்லாத பலகை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெப்பத்தை நிறுத்திவிடுகிறது.

டைல்ஸ் தரை ஜில்லென்று இருக்கிறது, மரத்தரை அப்படி இல்லை. அப்படியானால் டைல்ஸ்தானே குளிர்ச்சி?

இரண்டும் ஒரே அறையில் கிடந்தால் இரண்டின் வெப்பநிலையும் ஒன்றே. உங்கள் பாதம் 30 டிகிரிக்கு மேல் இருக்கிறது. டைல்ஸ் அந்தச் சூட்டை வேகமாக உறிஞ்சிக்கொள்கிறது, மரம் மெதுவாக உறிஞ்சுகிறது. தோல் உணர்வது வெப்பம் வெளியேறும் வேகத்தை. கடத்துத்திறன், அடர்த்தி, வெப்ப ஏற்புத்திறன் மூன்றும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. தொட்டுப் பார்த்துப் பொருள் வாங்காதீர்கள்.

ஆய்வுக்கூடத்தில் எப்படி அளக்கிறீர்கள்?

கல்லூரியில் இயற்பியல் படித்தவர்களுக்கு லீ தட்டுச் சோதனை நினைவிருக்கும். நீராவிக் கலம், கீழே பித்தளைத் தட்டு, நடுவில் அட்டை வட்டு, இரண்டு வெப்பமானிகள், நிறுத்துக்கடிகாரம். தத்துவம் ஒன்றுதான்: தெரிந்த அளவு வெப்பத்தை ஒரு துண்டின் ஊடே செலுத்தி, இரு பக்க வெப்பநிலையையும் பார்ப்பது. அந்தச் சோதனையின் பலவீனம், வெப்பம் ஓரங்கள் வழியாகவும் கசிந்துவிடும்.

அந்தக் கசிவை அடைப்பதற்குத்தான் காப்பு வளையச் சூடுதட்டு இருக்கிறது. ஐஎஸ்ஓ 8302, ஏஎஸ்டிஎம் சி177 ஆகிய தரநிலைகள் விவரிக்கும் கருவி இது. நடுவில் சதுரமான சூடுதட்டு. அதைச் சுற்றி, மயிரிழை இடைவெளி விட்டு, இன்னொரு சூடான சட்டம். நடுத்தட்டும் சட்டமும் ஒரே வெப்பநிலையில் இருக்கும்படி கட்டுப்படுத்துகிறோம். பக்கத்து வீட்டுக்காரரும் அதே சூட்டில் இருந்தால் சூடு பக்கவாட்டில் போக வழியேது? நேராக மாதிரிக்குள்தான் இறங்க வேண்டும். ஒரே பொருளில் வெட்டிய இரண்டு மாதிரிகளைத் தட்டின் மேலும் கீழும் வைத்து, அவற்றுக்கு வெளியே குளிர்தட்டுகளை வைத்து இறுக்குவோம். பிறகு காத்திருப்புதான். எல்லா அளவீடுகளும் மாறாமல் நின்ற பிறகே எண்ணை எழுதுவோம். ஒரு மாதிரிக்கு அரை நாளும் ஆகும், ஒரு நாளும் ஆகும்.

அளக்கும் வெப்பம் எவ்வளவு சிறியது தெரியுமா? 150 மில்லிமீட்டர் சதுர நடுத்தட்டு, 25 மில்லிமீட்டர் தெர்மகோல் இரண்டு, 20 டிகிரி வேறுபாடு. தட்டுக்குத் தேவைப்படும் மின்சாரம் 1.26 வாட். கைப்பேசியை மின்னேற்றும் சக்தியில் ஒரு சிறு பங்குதான். அதில் நூற்றில் ஒரு பங்கு தப்பினாலும் பதில் நூற்றில் ஒரு பங்கு தப்பும். அதனால்தான் அந்த அறையின் கதவை யாராவது படாரென்று திறந்தால் எனக்குக் கோபம் வருகிறது.

வேறு முறைகள் இல்லையா?

உண்டு. அன்றாட வேலைக்கு வெப்பப் பாய்வுமானி (ஐஎஸ்ஓ 8301, ஏஎஸ்டிஎம் சி518). மின்சாரத்தை அளப்பதற்குப் பதில் பாய்வை உணரும் தகட்டை வைத்திருப்பார்கள். வேகமானது. ஆனால் கே தெரிந்த மாதிரி ஒன்றைக் கொண்டு அதைத் தரப்படுத்த வேண்டும். அமெரிக்காவின் தேசிய அளவியல் நிறுவனமான நிஸ்ட் விற்கும் 1450 வரிசைக் கண்ணாடியிழைப் பலகை அப்படிப்பட்டது. மண்ணுக்கும் ஈரமான பொருளுக்கும் ஊசிமுனை முறை. முழுச் சுவர், சட்டத்தோடு சன்னல் என்றால் இருபுறமும் அறைகள் கொண்ட சூடுபெட்டி.

கான்கிரீட், செங்கல், கிரானைட்டை அளப்பது ஏன் சிக்கல்?

அவை நன்றாகக் கடத்துவதால். 50 மில்லிமீட்டர் கான்கிரீட் வில்லையின் தடை 0.036தான். அதன் முகம் சொரசொரப்பாக இருந்து, தட்டுக்கும் அதற்கும் இடையே இரு பக்கமும் 0.1 மில்லிமீட்டர் காற்று மாட்டிக்கொண்டது என்று வையுங்கள். காகிதத் தடிமன்தான். அந்தக் காற்றின் தடை 0.0077. பதிலில் 1.4 வரவேண்டிய இடத்தில் 1.15 வரும்! காற்றை அளந்துவிட்டுக் கான்கிரீட் என்று எழுதிய கதை. தடை 0.1க்குக் கீழே போனால் வழக்கமான தட்டுமுறை பொருந்தாது என்று தரநிலைகள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு நாங்கள் மாதிரியின் முகத்தைத் தேய்த்து மட்டமாக்குவோம், தட்டுக்கும் மாதிரிக்கும் நடுவில் மெல்லிய ரப்பர் விரிப்பு வைப்போம், வெப்பநிலையைத் தட்டில் பார்க்காமல் மாதிரியின் முகத்திலேயே சிறு பள்ளம் கீறி வெப்ப இணைக்கம்பியைப் பதித்துப் பார்ப்போம். அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லாமல் கான்கிரீட்டின் கே மட்டும் இருந்தால் நான் கேள்வி கேட்பேன். நீங்களும் கேளுங்கள்.

ஈரம் எவ்வளவு முக்கியம்?

எங்கள் ஊருக்கு மிக முக்கியம். தண்ணீரின் கே ஏறக்குறைய 0.6, காற்றைப்போல இருபது மடங்குக்கும் மேல். நுண்துளைகளில் காற்று இருப்பதால்தான் இலேசான கல் வெப்பத்தைத் தடுக்கிறது. துளைக்குள் தண்ணீர் புகுந்தால் அந்தத் தடுப்பு போய்விடும். சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். பருவமழைக் காலத்தில் வெளிச்சுவர் முழுசாகக் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு நேர்ந்தது இது. இலேசான காற்றடைப்புக் கான்கிரீட் கல் ஒன்று வந்தது. பார்வைக்கு உலர்ந்திருந்தது, தொட்டாலும் உலர்ந்தே இருந்தது. நேரே கருவியில் வைத்துவிட்டேன். எண் நிலைக்கவே இல்லை, இறங்கிக்கொண்டே போனது. இரண்டு நாள் கருவியைக் குறை சொன்னேன். மூன்றாம் நாள் மூத்த அண்ணன் ஒருவர் வந்து, ஒன்றும் பேசாமல் மாதிரியை எடுத்துத் தராசில் வைத்தார். எடை குறைந்திருந்தது. கல்லை வெட்டும்போது ரம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கி, சூடான முகத்திலிருந்து ஆவியாகிக் குளிர்ந்த முகத்தில் போய் மறுபடி படிந்துகொண்டிருந்தது. உலர்த்திவிட்டு அளந்தபோது வந்த எண்ணைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு முதல் நாள் காட்டியிருந்தது. அன்றிலிருந்து சோதனைக்கு முன்னும் பின்னும் எடை போடாமல் நான் எந்த எண்ணையும் எழுதுவதில்லை.

கான்கிரீட், செங்கல்லை 105 டிகிரி அடுப்பில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்துவோம். ஜிப்சம் பலகையை அப்படிச் செய்யக்கூடாது. அதன் படிகத்தோடு சேர்ந்த நீரும் போய் வேறு பொருளாகிவிடும். அதற்கு 40 டிகிரி போதும்.

விற்பனைத்தாளில் 0.022 என்று இருக்கிறது, நீங்கள் அளந்தால் கூட வருகிறது. யார் பொய் சொல்கிறார்கள்?

பெரும்பாலும் யாரும் இல்லை. தாளின் கீழே பொடி எழுத்தில் சராசரி வெப்பநிலை இருக்கும், அதைப் பாருங்கள். ஐரோப்பியத் தாள் என்றால் பெரும்பாலும் 10 டிகிரி. அமெரிக்கத் தாள் என்றால் 24 டிகிரி அளவில். இரண்டும் மாதிரியின் இரு முகங்களின் சராசரி. இங்கே வெயில் அடிக்கும் உலோகக் கூரை நடுப்பகலில் 60 டிகிரியைத் தாண்டும். கீழே அறை 28 என்றால் நடுவிலுள்ள பொருளின் சராசரி 44 டிகிரி. சூடு ஏற ஏற, துளைகளுக்குள் இருக்கும் காற்றும் கதிர்வீச்சும் கூடுதலாகக் கடத்தும். கண்ணாடிக் கம்பளியில் 10 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் 10 முதல் 15 விழுக்காடு வரை கூடும்.

நுரைப்பலகைகளுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. பாலியூரித்தேன் வகை நுரைக்குள் அடைத்திருக்கும் வாயு காற்றைவிடக் குறைவாகக் கடத்தும். ஆண்டுகள் போகப்போக அது மெல்ல வெளியேறி, காற்று உள்ளே வரும். தொழிற்சாலையை விட்டு வந்த வாரத்தில் அளந்த எண் பத்தாண்டுக்குப் பிறகு நிற்காது. 'முதிர்ந்த நிலை மதிப்பு' என்ன என்று கேட்டு வாங்குங்கள்.

குளிர்நாட்டுக்காக அளந்த எண்ணை அப்படியே நம் கூரைக்கு எழுதிவிட்டு, அறை ஏன் இன்னும் சுடுகிறது என்று தலையைச் சொறிபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வெப்பநிலை, ஈரம், வயது மூன்றும் எழுதாத கே மதிப்பை நான் எண்ணாகவே எடுத்துக்கொள்வதில்லை.

கட்டி முடித்த சுவரை, இருக்கும் இடத்திலேயே அளக்க முடியுமா?

முடியும், ஆனால் இங்கே பொறுமை வேண்டும். ஐஎஸ்ஓ 9869 முறைப்படி, பிஸ்கட் அளவிலான பாய்வுத் தகடு ஒன்றைச் சுவரின் உள்முகத்தில் ஒட்டி, உள்ளும் புறமும் வெப்பநிலையைப் பதிவு செய்ய வேண்டும். குறைந்தது 72 மணி நேரம்; நிலையில்லாத இடத்தில் ஒரு வாரத்துக்கும் மேல். கடைசி நாளில் கணக்கிட்ட தடை, 24 மணி நேரத்துக்கு முன் கணக்கிட்டதிலிருந்து 5 விழுக்காட்டுக்கு மேல் மாறக்கூடாது.

ஐரோப்பாவில் குளிர்காலத்தில் உள்ளே 20, வெளியே 0 என்று நாள் முழுக்க வேறுபாடு நிற்கும். நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் சன்னலைத் திறந்து வைத்தால் உள்ளும் வெளியும் இரண்டு மூன்று டிகிரிதான் வித்தியாசம். பகலில் வெப்பம் உள்ளே வரும், விடியற்காலையில் வெளியே போகும். திசையே மாறிவிட்டால் சராசரி எதைச் சொல்லும்? அதனால் வெயில் விழாத சுவரைத் தேர்ந்தெடுத்து, ஏர்கானை இரவு பகலாக ஓடவிட்டு அளக்க வேண்டியிருக்கிறது. வெறும் கான்கிரீட் சுவரில் 6 டிகிரி வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்கு 20 வாட் அளவு கிடைக்கும், போதும். காப்புப் பலகை போட்ட நல்ல சுவரில் சில வாட்தான் வரும். அங்கே கிடைக்கும் எண்ணை இறுக்கிப் பிடிக்காதீர்கள்.

கையில் பிடிக்கும் அகச்சிவப்பு வெப்பமானி போதாதா?

போதாது. அது மேற்பரப்பின் வெப்பநிலையை மட்டும் காட்டும். பளபளக்கும் அலுமினியத்தில் அதைக்கூடத் தப்பாகக் காட்டும்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஏதாவது உண்டா? பிள்ளையின் பள்ளித் திட்டப்பணிக்கு.

ஈரச்சந்தையில் மீன் வரும் வெள்ளைப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அடியில் சின்ன ஓட்டை போட்டு உறிஞ்சுகுழல் செருகி, கீழே ஒரு கிண்ணம் வையுங்கள். ஐஸ் கட்டிகளைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்ததும் போடக்கூடாது. வெளியே வைத்து, மேலே ஈரம் மினுங்கத் தொடங்கிய பிறகு போடுங்கள். அப்போதுதான் அது சுழியம் டிகிரியில் இருக்கும். அரை மணி நேரம் கழித்துக் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, அங்கிருந்து ஒரு மணி நேரம் சொட்டும் தண்ணீரைச் சமையலறைத் தராசில் நிறுங்கள். ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல் வேண்டும்.

பெட்டியின் மொத்தப் பரப்பு அரைச் சதுர மீட்டர், சுவர்த் தடிமன் 25 மில்லிமீட்டர், அறை 30 டிகிரி என்றால், காற்றுப் படலங்களின் தடையையும் சேர்த்துக் கணக்கிட்டு, மணிக்குச் சுமார் 180 கிராம் வர வேண்டும். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் கூடும். அடுத்த நாள் அதே அளவு அட்டைப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் பை விரித்துச் செய்து பாருங்கள். கே துல்லியமாக வராது. ஆனால் கிண்ணத்தில் சொட்டும் வேகத்தைப் பிள்ளை கண்ணால் பார்த்துவிடும். என் மகள் சொட்டுகளை எண்ணி ஒரு நோட்டுப் புத்தகத்தில் பத்து பக்கம் நிரப்பினாள்.

வீவக புளோக்குகளில் அடிக்கும் குளிர்ச்சாயம் கடத்துத்திறனைக் குறைக்கிறதா?

இல்லை. அது வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. ஒரு மில்லிமீட்டரைவிட மெல்லிய பூச்சு, எவ்வளவு நல்ல பொருளாக இருந்தாலும், கடத்தலில் பெரிய தடை தராது. கணக்குப் போட்டால் தெரியும்: அரை மில்லிமீட்டரை 0.05 என்ற மிகக் குறைந்த கே-யால் வகுத்தாலும் தடை 0.01தான். ஆனால் சுவர் சூடேறாமலேயே இருந்தால் உள்ளே வர வெப்பம் ஏது? அதுதான் சாயத்தின் பலம், அதை மதிக்கிறேன். 'வெப்பம் கடத்தாத பெயின்ட்' என்று விற்பவரிடம் மட்டும், ஒளி பிரதிபலிப்புச் சோதனை அறிக்கை எங்கே என்று கேளுங்கள்.

அலுவலகக் கட்டடங்களுக்கு விதி என்ன?

1979 முதலே சிங்கப்பூரில் கட்டட உறையின் வழியே வரும் வெப்பத்துக்கு வரம்பு இருக்கிறது. பின்னர் வந்த இடிடிவி (கட்டட உறை வழியே வரும் வெப்பத்தின் மதிப்பு) என்ற கணக்கில் மூன்று பகுதிகள்: சுவர் வழிக் கடத்தல் (பெருக்கெண் 12), கண்ணாடி வழிக் கடத்தல் (3.4), கண்ணாடி வழி வெயில் (211). விதித்தொகுப்பு வைத்த உச்சவரம்பு சதுர மீட்டருக்கு 50 வாட்.

முகப்பில் 40 விழுக்காடு ஒற்றைக் கண்ணாடி, அதன் நிழல் குணகம் (வெயிலின் சூட்டை எவ்வளவு உள்ளே விடுகிறது என்பதன் அளவு) 0.5, மீதி நாம் மேலே பார்த்த வெறும் கான்கிரீட் சுவர் என்று வைத்தால்: சுவர் 25, கண்ணாடிக் கடத்தல் 8, வெயில் 42. மொத்தம் 75, தேறாது. சுவருக்குக் காப்பு போட்டு யூவை 1 ஆக்கினால் 57, இன்னும் தேறாது. கண்ணாடியை 0.35 குணகத்துக்கு மாற்றினால் வெயில் 30ஆக இறங்கி, மொத்தம் 45க்கு வந்துவிடும். கடத்துத்திறனை அளந்தே பிழைப்பு நடத்தும் நான் சொல்கிறேன்: இந்த ஊரில் முதலில் கண்ணாடியையும் நிழலையும் பாருங்கள், பிறகு பலகைக்கு வாருங்கள்.

சரி, என் மேற்கு அறைக்கு என்ன செய்யட்டும்?

மாலை வெயிலைக் குடித்த கான்கிரீட் அதை மூன்று நான்கு மணி நேரம் கழித்துத்தான் உள்ளே விடும். அதனால்தான் படுக்கப் போகும் நேரத்தில் சுவர் கதகதவென்று இருக்கிறது. முதலில் சன்னலுக்கு வெயில் தடுக்கும் படலம் அல்லது திரை. அடுத்து, மேற்குச் சுவரின் உள்பக்கம் சட்டம் கட்டிக் காப்புப் பலகை வைத்து ஜிப்சம் அடிக்கலாம்; அறையில் மூன்று அங்குலம் போகும். பலகைக்கும் சுவருக்கும் நடுவில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்காதபடி, சுவரில் ஒழுகல் இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். திறந்த தெர்மகோலை வீட்டுக்குள் ஒட்டாதீர்கள், தீப்பிடித்தால் ஆபத்து. வெளிப்புறத்தில் எதையும் மாட்டும் முன் வீவகவிடம் கேட்டுவிடுங்கள்.

சோதனைக்குக் கொடுக்க வேண்டுமானால்?

சிங்கப்பூர் அங்கீகார மன்றத்தின் சிங்லாஸ் திட்டத்தில் அந்தக் குறிப்பிட்ட சோதனைக்கு அங்கீகாரம் பெற்ற கூடமா என்று பாருங்கள். கூடத்தின் பெயரில் முத்திரை இருப்பது மட்டும் போதாது. கருவியின் அளவு கூடத்துக்குக் கூடம் மாறும். 300 மில்லிமீட்டர் சதுரம் பரவலாகக் கேட்பார்கள். ஒரே தொகுதியில் வெட்டிய இரண்டு துண்டுகளையும், உடைந்தால் உதவ மூன்றாவதையும் கொடுங்கள். எந்தச் சராசரி வெப்பநிலையில் அளக்க வேண்டும் என்று விண்ணப்பத்தில் நீங்களே எழுதுங்கள். கூரைப் பலகை என்றால் 40 டிகிரிக்குக் கேட்கலாம். எழுதாவிட்டால் கூடத்தின் வழக்கப்படி 23 அல்லது 24 டிகிரியில் செய்துவிடுவார்கள். மாதிரியைக் கொண்டுவரும்போது பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொண்டுவாருங்கள், முக்கியமாக மழை நாளில்.